அதிர்ஷ்டமா, கைத்திறனா?

1976-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகராட்சி மன்றத்தில் விந்தையானதொரு விசாரணை நடைபெற்றது. மன்றக் கூடத்திலே இரண்டு பின்பால் பொறிகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்தன. பின்பால் என்பது சற்றே சாய்ந்த மேசை போன்றது. மேலே கண்ணாடி, உள்ளே ஓர் எஃகுக் குண்டு. காசைப் போட்டு, வில்சுருள் பொருத்திய ஒரு கோலை இழுத்து விட்டால், குண்டு மேலே பாய்ந்து, முளைகளிலும் மணிகளிலும் மோதி, மதிப்பெண்களைச் சேர்த்துக்கொண்டே கீழே உருண்டு வந்து குழியில் விழும். அவ்வளவே விளையாட்டு. ஆயினும் அது 34 ஆண்டுகளாக அம்மாநகரில் தடை செய்யப்பட்டிருந்தது. தடையை நீக்கலாமா என்பதே அன்றைய வழக்கு.

சாட்சி சொல்ல வந்தவர் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகை எழுத்தாளர். ஆடுவதற்கென்று முன்னேற்பாடாக வைத்திருந்த பொறியில் ஏதேனும் சூது செய்திருப்பார்களோ என்று உறுப்பினர் ஒருவர் ஐயுற்று, ‘அதில் வேண்டாம், மற்றதில் ஆடிக் காட்டும்’ என்றார். ஷார்ப் ஆடினார். உறுப்பினர்களின் முகத்தில் மாறுதல் இல்லை. உடனே அவர், ‘இப்போது நான் விடும் குண்டு மேலே உள்ள வழிகளில் நடுவழியில் புகும்’ என்று முன்கூட்டியே அறிவித்து, கோலை இழுத்து விட்டார். குண்டு நடுவழியிலேயே புகுந்தது. தடையை நீக்கக் குழு இசைந்தது. அந்த ஒரு குண்டில் அதிர்ஷ்டத்துக்கும் நல்ல பங்கு இருந்ததென்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார் என்பது இக்கதையின் சுவையான பின்குறிப்பு.

மாணவ நண்பர்களே! காசுப் பொறி விளையாட்டைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று உங்கள் பெற்றோர் எண்ணக்கூடும். நானும் பல்லாண்டு வகுப்பறையில் அவ்வாறே எண்ணியவன்தான். ஆனால் ‘இது அதிர்ஷ்டமா, திறமையா?’ என்று அம்மன்றம் கேட்ட கேள்வி சிறுபிள்ளைக் கேள்வியன்று. திறமை என்பது யாது, அது எவ்வாறு பிறக்கிறது என்ற பெரிய வினா அதற்குள் அடங்கிக் கிடக்கிறது.

முதலில் தடை பிறந்த கதையைக் காண்போம். பின்பாலின் மூதாதை பாகடெல் என்ற பிரெஞ்சு நாட்டு மேசை விளையாட்டு. 1871-இல் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் அதற்கு வில்சுருள் கோலைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். 1931-இல் காட்லீப் என்பவரின் ‘பாஃபில் பால்’ என்ற பொறி வெளிவந்தது. பொருளாதார மந்தத்தால் அமெரிக்க மக்கள் வேலையிழந்து தெருவில் நின்ற காலம் அது. ஒரு சல்லிக் காசுக்குச் சில நிமிடம் கவலையை மறக்கலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்? கடைகளிலும் மதுச்சாலைகளிலும் இப்பொறிகள் பெருகின. அவற்றுள் சில, வென்றவனுக்குக் காசையே திருப்பித் தந்தன. அங்கேதான் சனியன் புகுந்தது. சூதாட்டக் கூட்டத்தாரின் கை இத்தொழிலில் இருக்கிறதென்றும், பள்ளிப் பிள்ளைகள் பகலுணவுக்கென்று பெற்றோர் கொடுத்த காசை இப்பொறிகள் விழுங்குகின்றன என்றும் நியூயார்க் மேயர் லா கார்டியா முழங்கினார். 1942 ஜனவரியில் தடை வந்தது. காவலர்கள் பொறிகளை ஆயிரக்கணக்கில் கைப்பற்றினர். மேயரே சம்மட்டியைக் கையிலெடுத்துச் சிலவற்றைத் தகர்க்கும் காட்சியைப் புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

மேயரை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அவர் தகர்த்த பொறி ஏறக்குறைய அதிர்ஷ்டப் பொறிதான். கோலை இழுத்து விடும் அந்த ஒரு கணம் தவிர, ஆடுபவன் செய்யக்கூடியது மேசையை இலேசாக அசைப்பது மட்டுமே. மிகுதியாக அசைத்தால் ஆட்டம் நின்றுவிடும்படி அதற்கும் ஒரு தடைக்கருவி 1930-களிலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்கு ஒரு குறை உண்டு. அது எழுதப்பட்ட நாளில் இருந்த பொருளையே அது அறியும். தடை வந்த 5 ஆண்டுகளுக்குப் பின், 1947-இல், ஹாரி மாப்ஸ் என்பவர் வடிவமைத்த ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்ற பொறியில் முதன்முதலாக மின்விசையால் இயங்கும் 6 தட்டுக்கோல்கள் வைக்கப்பட்டன. பொத்தானை அழுத்தினால், விழப்போகும் குண்டை அவை மேலே தட்டிவிடும். அடுத்த ஆண்டிலேயே, ஸ்டீவ் கோர்டெக் என்பவர், மேசையின் அடியில் இரண்டே தட்டுக்கோல்களை வைத்தால் போதும் என்று காட்டினார்.

இச்சிறிய மாறுதல் விளையாட்டின் இயல்பையே மாற்றிவிட்டது. முன்பு குண்டு குழியில் விழுந்தால் ‘என் நேரம்’ என்று நொந்துகொள்ளலாம். இப்போது ‘சற்றே முந்தித் தட்டிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. தோல்விக்குக் காரணம் தன் கையே என்று ஆடுபவன் அறியும் இடத்தில்தான் திறமை தொடங்குகிறது என்பது என் கருத்து. பிழை தெரிந்தால்தான் திருத்தம் உண்டு. திருத்தம் உண்டானால்தான் பயிற்சிக்குப் பொருள் உண்டு. பகடையை ஆயிரம் முறை உருட்டினும் உருட்டும் திறம் வளர்வதில்லை. தட்டுக்கோலை ஆயிரம் முறை தட்டினால் கை தேர்ச்சி பெறும். ஆகவே 1947-க்குப் பின் நியூயார்க் நகரம் தடை செய்து வைத்திருந்தது, அதன் சட்டம் அறியாத வேறொரு விளையாட்டை. கலிபோர்னியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இதை 1974-இலேயே உணர்ந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தடை செல்லாதென்று தீர்ப்பளித்திருந்தது.

இதற்கிடையில் எஃகுக் குண்டுக்குப் பதிலாகத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றிவிட்டது. 1972-இல் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ என்ற பொறியை வெளியிட்டது. மேசைப் பந்தாட்டம் போன்றது. இரு மட்டைகள், ஒரு பந்து. இதை உருவாக்கிய ஆலன் அல்கார்ன் என்ற பொறியாளர் மட்டையை 8 பகுதிகளாகப் பிரித்து, பந்து எப்பகுதியில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்புமாறு செய்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகமும் கூடும். மட்டை திரையின் உச்சிவரை செல்லாதது ஒரு குறைபாடு. அதைத் திருத்தினால் தேர்ந்த இருவர் முடிவின்றி ஆடிக்கொண்டே இருப்பர் என்று கண்டு, குறையைக் குறையாகவே விட்டுவிட்டனர். முதற்பொறியை ஒரு மதுச்சாலையில் வைத்தார்கள். சில நாட்களில் அது நின்றுபோயிற்று. திறந்து பார்த்தால் வேறு பழுதொன்றும் இல்லை. காசு நிரம்பி வழிந்திருந்தது!

1978-இல் ஜப்பான் நாட்டு டைட்டோ நிறுவனத்தின் டோமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற ஆட்டத்தைப் படைத்தார். வரிசைக்கு 11 ஆக 5 வரிசைகளில் 55 பகைவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்குவர். அடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்த வேண்டும். ஒரு குண்டு இலக்கையோ திரையின் எல்லையையோ அடையும்வரை அடுத்த குண்டைச் சுட இயலாது. ஆகவே குறி தவறியவன் குண்டை மட்டுமன்றிக் காலத்தையும் இழப்பான். அக்காலத்துக் கணிப்பொறிச் சில்லு மெதுவானது. 55 உருவங்களை வரைய அது திணறியது; உருவங்கள் குறையக் குறைய விரைந்து வரைந்தது. அதனால் எஞ்சிய பகைவர் தாமாகவே வேகம் பெற்றனர். இதைக் கண்ட நிஷிகாடோ, பொறியின் இயலாமையையே விளையாட்டின் உயிராக்கிக்கொண்டார். கூடவே நான்கு தாழ்ந்த ஒலிகள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். பகைவர் விரைய அவ்வொலியின் நடையும் விரையும். ஆடியவர்கள் அறிந்தோ அறியாமலோ தாளத்துக்கு ஏற்பக் கையை இயக்கினர். பின்னால் வரப்போகும் இசை விளையாட்டுகளின் வித்து இங்கே விழுந்துவிட்டதென்று சொல்லலாம்.

இந்த ஆட்டத்தில் இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. அவ்வப்போது திரையின் உச்சியில் ஒரு பறக்கும் தட்டு ஓடும். அதைச் சுட்டால் எத்தனை மதிப்பெண் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒருமுறை 50, ஒருமுறை 100, அரிதாக 300. எல்லாரும் இதை அதிர்ஷ்டம் என்றே எண்ணினர். ஆனால் பொறுமைசாலிகளான சில ஆட்டக்காரர்கள் தாம் சுடும் குண்டுகளை எண்ணத் தொடங்கினர். 23-ஆவது குண்டால் தட்டை வீழ்த்தினால் 300. அதன்பின் ஒவ்வொரு 15-ஆவது குண்டுக்கும் 300! அதிர்ஷ்டம் என்ற திரைக்குப் பின்னே ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. அதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. உற்று நோக்கியும், எண்ணியும், ஊகித்தும், மறுபடி சோதித்தும் அவர்களே கண்டனர். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பிக்க முயலும் முறை இதுவன்றி வேறென்ன?

1980-இல் வெளிவந்த ‘பாக்-மேன்’ இவ்வுண்மையை இன்னும் தெளிவாக்கிற்று. நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாடானி அமைத்த இவ்வாட்டத்தில், வாயைத் திறந்து மூடும் ஒரு மஞ்சள் வட்டம் புதிர்வழிகளில் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும். 4 பேய்கள் துரத்தும். முதன்முறை பார்ப்பவருக்கு அவை மனம்போனபடி திரிவதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. சிவப்புப் பேய் ஆட்டக்காரன் இருக்கும் இடத்தை நோக்கியே வரும். இளஞ்சிவப்புப் பேயோ, அவன் செல்லும் திசையில் 4 கட்டங்கள் முன்னால் குறிவைத்து மறிக்க முயலும். ஆட்டக்காரன் ஒரே வழியை ஒரே நேரத்தில் கடந்தால், பேய்களும் ஒவ்வொரு முறையும் அதே வழியில் வரும். இதைக் கண்டுகொண்டவர்கள் வழித்தடங்களை மனப்பாடம் செய்தனர். அத்தடங்களை அச்சிட்ட புத்தகங்களும் விற்பனைக்கு வந்தன.

இங்கே ஒரு மாணவர் எழுந்து, ‘ஐயா, மனப்பாடம் செய்து ஆடுவது திறமையாகுமா?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தடத்தைத் தாளில் கண்டவர் பல்லாயிரவர். ஆயினும் ஒரு திருப்பத்தில் இமைப்பொழுது தாமதித்தாலும் கணக்குப் பிசகிவிடும். பேய்கள் வேறு வழியில் வந்துவிடும். வாய்பாடு தெரிந்தவரெல்லாம் கணிதம் வல்லவர் ஆகார். வாய்பாடே தெரியாதவர் ஆகவே மாட்டார். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது இத்திறமை. பாக்-மேனின் கட்ட எண்ணிக்கை 255-க்கு மேல் எண்ணத் தெரியாத ஒரு சிறு நினைவகத்தில் இருந்தது. 256-ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி குழம்பிச் சிதறிவிடும், அதற்கப்பால் ஆட்டமில்லை. அதுவரை ஒரு புள்ளியையும், ஒரு கனியையும், தின்னத்தக்க ஒரு பேயையும் விடாமல், ஓர் உயிரையும் இழவாமல் ஆடினால் கிடைக்கும் மொத்தம் 3,333,360. அவ்வெண்ணிக்கை முதன்முதலாக எட்டப்பட்டதாகப் பதிவானது 1999-இல். ஆட்டம் வெளிவந்து 19 ஆண்டுகள் கழித்து! இதற்குள் பாக்-மேனின் வழிவந்த ‘மிஸ் பாக்-மேன்’ ஆட்டத்தில், மனப்பாடத்தை முறியடிக்க வேண்டி, பேய்களின் தொடக்க ஓட்டத்தில் சிறிது தற்செயலைக் கலந்துவிட்டனர். திறமையைக் கூர்மையாக்க ஒரு துளி அதிர்ஷ்டத்தைக் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

எதிர்ப்பும் உடன் வந்தது. 1981-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் மார்க்கோஸ் அரசு இப்பொறிகளைத் தடை செய்தது. டெக்சாஸ் மாநிலத்து மெஸ்கீட் நகரத்தார், 17 வயது நிரம்பாதவர் பெற்றோர் துணையின்றி இவற்றைத் தொடலாகாது என்று விதித்த ஆணை, 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அவ்வாண்டு இறுதியில் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி, இவை சிறுவரை அடிமையாக்குகின்றன என்று மேடையில் பேசிவிட்டு, அதற்கு அறிவியற் சான்று தம்மிடம் இல்லை என்று விரைவிலேயே விளக்கம் தந்தார். அதே 1982-இல், அயோவா மாநிலத்தின் ஒட்டும்வா என்ற சிற்றூரில் வால்டர் டே என்பவர் தம் ஆடுகூடத்தில் உட்கார்ந்து, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த உயர்ந்த மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கினார். ஒரு பக்கம் தடை உத்தரவு. மறு பக்கம் தேர்ச்சிப் பதிவேடு!

இனி இசை விளையாட்டுகளுக்கு வருவோம். 1996-இல் ஜப்பானில் வெளிவந்த ‘பாராப்பா தி ராப்பர்’ என்பதில், காகிதம்போல் தட்டையான ஒரு நாய்க்குட்டி பாட்டுக் கற்கிறது. அதன் முதல் ஆசிரியர் வெங்காயத் தலையர் ஒருவர். அவர் ஓர் அடி சொல்வார்; மாணவன் அதே தாளத்தில் பொத்தான்களை அழுத்தித் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர் சொன்ன முறையேதான்! இதைப் படைத்த மசாயா மட்சூரா ஓர் இசைக்கலைஞர். அடுத்த ஆண்டு கொனாமி நிறுவனம் 5 கட்டைகளும் ஒரு சுழல்தட்டும் கொண்ட ‘பீட்மேனியா’வை ஆடுகூடங்களில் வைத்தது. 1998-இல் அதே நிறுவனத்தின் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ வந்தது. திரையின் அடியிலிருந்து அம்புக்குறிகள் மேலேறி வரும். உச்சியில் உள்ள குறியோடு அவை பொருந்தும் கணத்தில், காலடியில் உள்ள 4 பலகைகளுள் அதற்குரியதை மிதிக்க வேண்டும். விளையாட்டு கையை விட்டுக் காலுக்கு இறங்கிவிட்டது.

இவ்வகையில் பகைவன் இல்லை. துரத்தும் பேய் இல்லை. தற்செயலுக்கும் ஏறக்குறைய இடமே இல்லை. பாட்டு நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும். மாறக்கூடியது ஆடுபவன் ஒருவனே. 1947-இல் தட்டுக்கோலோடு தொடங்கிய பயணம் இங்கே தன் எல்லையைத் தொட்டுவிட்டதென்று கருதுகிறேன்.

இதன் நுட்பத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஒளியைக் கண்டு விரலை அசைக்க மனிதனுக்கு ஏறக்குறைய 1/5 நொடி ஆகும். ஆனால் 1999-இல் வந்த ‘பீட்மேனியா II டிஎக்ஸ்’ போன்ற பொறிகளில் மிக உயர்ந்த மதிப்பீடு பெற வேண்டுமாயின், குறித்த கணத்துக்கு முன்னோ பின்னோ சுமார் 1/60 நொடிக்குள் கட்டை அழுத்தப்பட வேண்டும். கண்டபின் அழுத்துபவன் ஒருநாளும் இதைச் சாதிக்க இயலாது. வரப்போவதை முன்னறிந்து, அது வருமுன்பே விரலுக்குக் கட்டளையிட வேண்டும். கச்சேரியில் தாளம் போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். மிருதங்கத்தின் ஒலி காதில் விழுந்த பிறகா அவர் தொடையில் தட்டுகிறார்? காலப்பிரமாணம் அவருள்ளே ஓடுகிறது. கை அதோடு செல்கிறது. சீரான ஓசைக்கு ஏற்பத் தட்டுமாறு சொன்னால், மக்கள் பெரும்பாலும் ஓசைக்கு இமைப்பொழுது முன்னதாகவே தட்டிவிடுகின்றனர் என்பதை உளநூலார் நெடுநாள் முன்பே அளந்து கண்டுள்ளனர். ஆகவே விரைந்த கண்ணும் கையும் போதும் என்று எண்ணி இவ்விளையாட்டுக்குள் நுழைபவன் தோற்பான்.

2005-இல் அமெரிக்காவில் ‘கிட்டார் ஹீரோ’ வந்தது. கிட்டார் வடிவில் ஒரு பிளாஸ்டிக் கருவி. அதில் 5 வண்ணப் பொத்தான்கள். 2007-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில், ஒரு பாட்டின் மிகக் கடினமான நிலையில் 3,700-க்கு மேற்பட்ட சுரக்குறிகள். அவற்றுள் ஒன்றையும் தவறவிடாமல் வாசித்தவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் கையில் உண்மையான கிட்டாரைக் கொடுத்தால் வாசிப்பார்களா? மாட்டார்கள். ஐந்து பொத்தான் ஆறு நரம்பு ஆகிவிடாது. இத்திறமை உண்மையானது, ஆனால் குறுகியது. தாள உணர்வும் விரல்களின் ஒழுங்கும் ஓரளவு உடன்வரலாம். இசையறிவு தானே வந்துவிடாது. இதை மறைப்பது மாணவர்க்கு நான் செய்யும் துரோகமாகும். மோகமும் நீடிக்கவில்லை. ஆண்டுதோறும் புதிய கருவி, புதிய பதிப்பு என்று கடைகளை நிரப்பி மக்களைச் சலிப்படையச் செய்த நிறுவனத்தார், 2011-இல் அத்தொழிலை நிறுத்துவதாக அறிவித்தனர்.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு நம் நாட்டுக்கும் புதிதன்று. வெற்றி கணிசமான அளவு திறமையைச் சார்ந்திராத பரிசுப் போட்டி சூதாட்டமே என்று நம் உச்ச நீதிமன்றம் 1957-இல் வகுத்தது. 1996-இல் சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில், அதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்த்தது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமோ அக்கேள்வியையே ஒதுக்கிவிட்டது. திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் கட்டிப் பணம் வெல்ல ஆடும் இணைய ஆட்டத்துக்குத் தடை. பணயம் இல்லாத மின்விளையாட்டுப் போட்டிக்கு ஊக்கம். லா கார்டியா 1942-இல் உண்மையில் அஞ்சியதும் பணயத்தைத்தான் அல்லவா? அவர் சம்மட்டி மட்டும் பொறியின்மேல் விழுந்தது.

அவர் காலத்துப் பொறி பள்ளிப் பிள்ளையின் பகலுணவுக் காசைத் தின்றது. 64 ஆண்டுகளுக்குப் பின், 2006-இல், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், தன் பொதுப் பள்ளிகள் அனைத்திலும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ ஆட்டத்தை உடற்பயிற்சி வகுப்பில் புகுத்தப் போவதாக அறிவித்தது. உடல் பருத்து, பந்தாட்டத்தில் எவரும் தம் பக்கம் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு இது உதவும் என்பது அவர்கள் எண்ணம். அங்கே காசு போடும் துளை இல்லை. அம்பு மேலேறி வருகிறது, பிள்ளை மிதிக்கிறது. தவறினால் தவறு என்று அக்கணமே திரை சொல்லிவிடும். யாரும் நகைப்பதற்குள் அடுத்த அம்பு வந்துவிடும்.